சினமும் வாக்கும்: பாலோ முதல் சுங்கை சிப்புட் வரை

காஞ்சிக்குத் தெற்கே உத்திரமேரூரில் வைகுந்தப் பெருமாள் கோயிலின் சுவர்களில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று கி.பி. 919ஆம் ஆண்டினது; மற்றொன்று கி.பி. 921ஆம் ஆண்டினது. குடவோலை முறையைச் சொல்லும் கல்வெட்டுகள் என்று பள்ளிப் பிள்ளைகளும் அவற்றை அறிவர். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். அவ்வாறு வந்தவர்களைக் கொண்டே ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் பொன் வாரியமும் அமைந்தன. அது அந்தணர் ஊர்ச் சபை, ஊரார் அனைவர்க்கும் அதில் இடமில்லை, பெண்டிர்க்கும் இடமில்லை. அவர்களது முறை சீட்டெடுப்பேயன்றி, இன்று நாம் வழங்கும் பொருளில் வாக்களிப்பு அன்று. இவற்றையெல்லாம் மறவாமலே அதனை நோக்குதல் வேண்டும்.

அக்கல்வெட்டின் விதிகளுள் இரண்டு இன்றைய அரசியலுக்கும் பொருந்துவன. வாரியத்தில் பணியாற்றிய ஒருவர் அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு மீண்டும் குடத்தில் பெயரிடப்பெறத் தகுதியற்றவர் என்பது ஒன்று. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர் என்பது மற்றொன்று. நோயில்லாத ஊரில் மருந்து தேடுவாரில்லை. பதவியில் அமர்ந்தவர் பதவியை விடாது பற்றிக் கொள்வர் என்பதையும், ஊரார் அதனை எளிதில் தடுக்க இயலாது என்பதையும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அவ்வூரார் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இவ்விதிகளே சான்று.

நம் காலத்திலோ மூன்றாண்டுத் தடை இல்லை. மக்கள் விரும்பினால் நீக்கலாம். விரும்பினால் வைத்துக் கொள்ளலாம். ஆயினும் வியப்பான ஒன்றைக் காண்கிறோம். விலைவாசி ஏறிற்று என்று மக்கள் சினங் கொள்கின்றனர். கூலி போதவில்லை என்கின்றனர். பள்ளிக்குக் கட்டடம் இல்லை, கோயிலுக்கு நிலம் இல்லை என்று குறைபடுகின்றனர். தேநீர்க் கடையில் ஆட்சியைப் புகழ்வார் எவரும் இலர். தேர்தல் வருகிறது. வாக்குகளை எண்ணி முடித்ததும் பழைய உறுப்பினரே மாலையுடன் நிற்கிறார். சினம் எங்கே போயிற்று?

ஒரு நாட்டின் கணக்கு

இக்கேள்விக்கு மலேசியாவின் தேர்தல் வரலாறு நல்லதோர் ஆய்வுக்களம். 1955ஆம் ஆண்டு மலாயாவின் முதற் பொதுத்தேர்தலில் 52 இடங்களுள் 51 இடங்களைக் கூட்டணி வென்றது. 1959, 1964 ஆகிய ஆண்டுகளிலும் அதுவே ஆட்சியமைத்தது. 1969இல் அதன் வலிமை பெரிதும் குன்றிற்று. எனினும் ஆட்சி மாறவில்லை. பின்னர் அது தேசிய முன்னணியாக விரிந்து, 1974 முதல் 2013 வரை நடந்த ஒவ்வொரு பொதுத்தேர்தலிலும் வென்றது. 2018 மே மாதத்தில்தான் முதன்முறையாகத் தோற்றது. விடுதலைக்குப் பின் அறுபத்தோராண்டுக் காலம் ஒரே அணியின் ஆட்சி.

அந்த அறுபத்தோராண்டும் மக்கள் மகிழ்ச்சியில் திளைத்திருந்தனர் என்று எவரும் கூறார். இந்தியர் வரலாற்றை மட்டும் எடுத்துக் கொண்டாலும், 1950களின் பிற்பகுதியில் வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது தொழிலாளர் வேலையும் வீடும் இழந்தனர். 1969ஆம் ஆண்டு முதல் குடியுரிமையற்றோர்க்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தபோது, பல்லாயிரம் பேர் தாங்கள் அறியாத தாய்நாட்டிற்குக் கப்பலேறினர். 1957இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகளின் எண்ணிக்கை பின்னர் 530க்கும் கீழே இறங்கிற்று. சினத்திற்குக் காரணம் இல்லாத காலமே இல்லை. ஆயினும் அதே காலத்தில் இந்தியர் வாக்குகளிற் பெரும்பகுதி தேர்தல்தோறும் ஆளுங் கூட்டணிக்கே சென்றது.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விடைகள் மூன்று. மக்கள் அறியாதவர்கள் என்பது முதல் விடை. மக்கள் மறதியுடையவர்கள் என்பது இரண்டாவது. அரிசி மூட்டைக்கும் பணத்திற்கும் வாக்கை விற்கின்றனர் என்பது மூன்றாவது. மூன்றிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் அறியாமையும் மறதியும் கையூட்டும் 2008இலும் 2018இலும் திடீரென்று மறைந்துவிடவில்லை. அதே மக்கள், அதே ஊர்களில், ஒருநாள் வேறுவிதமாக வாக்களித்தனர். ஆகவே காரணத்தை மக்களின் குணத்தில் தேடுவதைவிட, அவர்கள் நின்ற நிலையில் தேடுவதே முறை.

ஒரே வாசல்

தோட்ட வாழ்வை நினைவு கூர்ந்தால் இது விளங்கும். இரப்பர்த் தோட்டத்தில் விடியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுப்பது முதல் மாலையில் பால் நிறுப்பது வரை அனைத்தும் ஒரே வாசல் வழியே வந்தன. வேலை கொடுப்பவர் துரை. லயத்து வீடு அவருடையது. குழாய்த் தண்ணீர், மருந்தகம், கோயில் நிலம், பள்ளிக் கொட்டகை யாவும் அவருடையன. கூட்டு மலாய் நாடுகளின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. சட்டம் உரிமையாகச் சொன்னதைத் தோட்டம் தயவாகவே கொடுத்தது. பள்ளி நன்றாக நடந்ததும் நடவாததும் நிருவாகத்தின் மனத்தைப் பொறுத்தது. துரையை நேரே காண இயலாதவன் கிராணியைக் கண்டான். கிராணியைக் காண இயலாதவன் கங்காணியைக் கண்டான்.

இத்தகைய இடத்தில் சினத்தின் இயல்பு வேறு. துரையின்மீது எவ்வளவு சினம் இருந்தாலும், நாளைக் காலையில் அவரிடமே சென்று நிற்க வேண்டும். சினம் உள்ளத்தில் இருக்கும்; கை கும்பிடும். இதனைக் கோழைத்தனம் என்று கூறுதல் எளிது. ஒரே ஒரு கிணறு உள்ள ஊரில் கிணற்றுக்காரனோடு பகைத்துக் கொள்ளாமை கோழைத்தனமா, கணக்கறிவா என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நாடு விடுதலை பெற்றபின் அந்த வாசல் திறந்துவிடவில்லை, இடம் மாறிற்று. 1955 தேர்தலில் வாக்காளருள் நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர். இந்தியர் பெரும்பாலோர்க்குக் குடியுரிமையே இல்லை. பின்னர் குடியுரிமை பெற்றவர்களும் நாடெங்கும் சிதறி வாழ்ந்தனர். இந்தியர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூட இல்லை. இந்நிலையில் குடியுரிமை மனு, சிவப்பு அடையாளக் கார்டை நீலமாக்குதல், பள்ளிக்கு மானியம், கோயிலுக்கு மனை, மகனுக்கு வேலை ஆகிய எல்லாவற்றிற்கும் ஆட்சியில் பங்குள்ள ஒரு கட்சியின் கடிதம் வேண்டியிருந்தது. 1946இல் ஜான் திவியின் தலைமையில் தோன்றிய மலாயா இந்தியர் காங்கிரசு, 1950களின் நடுவில் கூட்டணியில் சேர்ந்தபின் அந்த வாசலாயிற்று.

ஊராட்சி இருந்திருப்பின் சிறு வாசல்கள் சில திறந்திருக்கும். ஆனால் ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டன. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்திற்குப்பின் அவை மீளவே இல்லை. சாக்கடை அடைத்தாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் மன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மக்களிடம் இல்லை. எனவே சாக்கடையும் சட்டமன்ற உறுப்பினர் பொறுப்பாயிற்று. தெருவிளக்கும் நாடாளுமன்ற உறுப்பினர் புகழாயிற்று. எதிர்க்கட்சி உறுப்பினர்க்குத் தொகுதி மேம்பாட்டு ஒதுக்கீடு கொடுக்கப்படாத நிலையும் நெடுங்காலம் நீடித்தது. வாசலை மாற்றினால் வீடே இருண்டுவிடும் என்ற அச்சம் வெறுங் கற்பனை அன்று.

ஒரு சீட்டில் இரண்டு கேள்விகள்

1975இல் ரிச்சர்டு பென்னோ என்னும் அமெரிக்க அறிஞர் இதே புதிரை எடுத்துக் காட்டினார். அமெரிக்க மக்கள் தங்கள் காங்கிரசு அவையைப் பெரிதும் குறை கூறுகின்றனர். ஆனால் தத்தம் தொகுதி உறுப்பினரை விரும்பி மீண்டும் அனுப்புகின்றனர். பல தேர்தல்களில், மீண்டும் போட்டியிட்ட கீழவை உறுப்பினருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் வென்றுள்ளனர். அவையை ஒரு கோலாலும் உறுப்பினரை வேறொரு கோலாலும் மக்கள் அளக்கின்றனர் என்பது அவர் கண்ட விளக்கம். அவை நாட்டின் சிக்கலைத் தீர்க்கவில்லை என்று சினக்கின்றனர்; உறுப்பினரோ கடிதத்திற்கு விடை எழுதுகிறார், திருமணத்திற்கு வருகிறார், ஓய்வூதியம் வாங்கித் தருகிறார்.

அமெரிக்காவில் ஆட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்கத் தனி வாக்கு உண்டு. மலேசியா போன்ற நாடாளுமன்ற நாட்டில் அதுவும் இல்லை. ஒரே சீட்டில் ஒரே குறி. அக்குறி இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். நம் ஊர்க்குறையை எவரிடம் சொல்வது என்பது முதற்கேள்வி. நாட்டை எவர் ஆள்வது என்பது இரண்டாவது. வாக்காளர் முதற்கேள்விக்கு விடையளித்தால், இரண்டாவதற்கும் அதே விடை தானாகவே எழுதப்பட்டு விடுகிறது. சினம் இரண்டாம் கேள்வியைப் பற்றியது. தேவை முதற்கேள்வியைப் பற்றியது. தேவை ஒரே வாசல் வழியே நிறைவேறும் இடத்தில் முதற்கேள்வியே வெல்லும். பழையவர் மீண்டும் மீண்டும் வெல்வதன் மறைபொருள் இதுவே.

இது ஆளுங்கட்சிக்கு மட்டும் உரியதும் அன்று. ஈப்போவில் எதிர்க்கட்சியான மக்கள் முற்போக்குக் கட்சியின் டி.ஆர். சீனிவாசகம் 1959இலும் 1964இலும் நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப் பெற்றார். நகராட்சி அவர் கட்சியின் கையில் இருந்தது. வழக்குரைஞராக ஏழைகளுக்கு உதவும் பெயரும் அவருக்கு இருந்தது. ஆட்சியில் இல்லாதவரும் மக்களுக்கு ஒரு வாசலாக இருக்க இயலும் என்பதற்கு அவர் சான்று. அந்த நகராட்சித் தேர்தல் நின்றபோது அழிந்தது எத்தகைய வாய்ப்பு என்பதும் இதனால் விளங்கும்.

சுங்கை சிப்புட்டின் பாடம்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் தொகுதியில் இக்கொள்கையின் முழு வரலாற்றையும் காணலாம். 1959 முதல் அத்தொகுதியில் வென்றவர் ம.இ.கா. தலைவர் துன் வீ.தி. சம்பந்தன். தோட்டத் துண்டாடலுக்கு விடையாக 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளரின் சிறுசேமிப்பால் தோட்டங்களையே வாங்கச் செய்தவர் அவர். 1974இல் அவருக்குப் பின் டத்தோ ச. சாமிவேலு அத்தொகுதியில் நின்றார். ஜொகூர் மாநிலக் குளுவாங்கில் 1936இல் பிறந்தவர். 1979இல் கட்சித் தலைவராகி, நெடுங்காலம் அமைச்சராகவும் விளங்கினார். 1974, 1978, 1982, 1986, 1990, 1995, 1999, 2004 என எட்டுத் தேர்தல்களிலும் சுங்கை சிப்புட் அவரையே அனுப்பிற்று.

அந்த முப்பதாண்டில் சினம் இல்லாமல் இல்லை. 1980களில் இந்தியரின் சேமிப்பைத் திரட்டித் தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸ் நிறுவனம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்ற மனக்குறை ஊரெங்கும் இருந்தது. இரப்பர் மரங்களை வீழ்த்திச் செம்பனை நட்டபோதும், தோட்டங்கள் வீட்டு மனைகளான போதும், லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் நகர்ப்புற ஓரங்களில் தங்கின. மறுபுறம், கெடாவில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் எழுந்தது அவர் முயற்சியால் என்று போற்றினோரும் பலர். பள்ளிக்கும் கோயிலுக்கும் அவர் கையால் காசோலை பெற்ற ஊர்கள் பல. சினமும் நன்றியும் ஒரே உள்ளத்தில் குடியிருந்தன. வாக்குச் சாவடியில் நன்றி முந்திக்கொண்டது.

வாக்கு மறைவானது என்று சொல்லிக் கொடுத்தாலும், 1990ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் வாக்குகள் அந்தந்த வாக்களிப்பு நிலையத்திலேயே எண்ணப்படலாயின. தனி ஒருவர் வாக்கு எது என்பது தெரியாது. எனினும் எந்தத் தோட்டம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதைக் கட்சிகள் கணக்கிட இயலும். ஒரே வாசலை நம்பியிருந்த சிறு ஊர்க்கு இதுவும் ஓர் எச்சரிக்கையாயிற்று.

அத்தொகுதியில் மருத்துவர் மைக்கேல் ஜெயக்குமார் தேவராஜ் 1999இலும் 2004இலும் சாமிவேலுவை எதிர்த்து நின்று தோற்றார். தோற்றபின் ஊரைவிட்டுப் போகவில்லை. தோட்டத் தொழிலாளரின் வீட்டுரிமை வழக்குகளிலும் குடியேற்றவாசிகளின் நிலச் சிக்கல்களிலும் தொடர்ந்து உழைத்தார். பதவி இல்லாமலேயே அவர் வீட்டுக் கதவு இரண்டாவது வாசலாயிற்று. இதனிடையே நாட்டு நிலையும் மாறிற்று. கோயில்கள் இடிக்கப்பட்டதால் எழுந்த மனக்கொதிப்பு, 2007 நவம்பர் 25ஆம் நாள் கோலாலம்பூரில் இண்ட்ராப் பேரணியாக வெடித்தது. மூன்றரைத் திங்களுக்குப்பின், 2008 மார்ச் 8ஆம் நாள் தேர்தலில் சாமிவேலு 1,821 வாக்கு வேறுபாட்டில் தோற்றார். ம.இ.கா. போட்டியிட்ட ஒன்பது நாடாளுமன்ற இடங்களுள் மூன்றே அதற்குக் கிடைத்தன.

பேரணியின் சினம் மட்டும் போதுமாயின், அதற்கு முன்னிருந்த சினங்களும் வென்றிருக்க வேண்டும். சினத்திற்கு முன்னரே பத்தாண்டு உழைத்துத் திறந்து வைத்த ஒரு வாசல் அங்கு இருந்தது. தோட்டங்களை விட்டு வெளியேறிய இளைஞர்க்கு வேலையும் வீடும் தோட்டத்திலிருந்தோ கட்சிக் கிளையிலிருந்தோ வரவில்லை. தொழிற்சாலையிலிருந்தும் நகரத்திலிருந்தும் வந்தன. அச்சம் குறைந்த இடத்தில் சினம் வாக்காயிற்று.

இவ்வரலாற்றின் அடுத்த ஏடு இன்னும் கூர்மையானது. ஜெயக்குமார் 2013இல் மீண்டும் வென்றார். 2018இல் தம் சோசலிசக் கட்சியின் சின்னத்திலேயே நின்றார். அவர் உழைப்பைக் குறைகூறுவோர் மிகச் சிலரே. ஆயினும் அத்தேர்தலில் வைப்புத் தொகையையும் இழந்தார். மக்கள் நீதிக் கட்சியின் எஸ். கேசவன் வென்றார். அந்த ஆண்டு மக்கள் இரண்டாம் கேள்விக்கு விடை எழுத முடிவு செய்திருந்தனர். நாட்டை ஆளுவோரை மாற்ற வேண்டும் என்று தீர்மானித்தபோது, நல்ல உறுப்பினரும் அவ்வலையில் அகப்பட்டார். சினம் முதற்கேள்வியைத் தாண்டும்போது தகுதி நோக்காது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

தமிழகத்திலும் இதற்கு நேரான நிகழ்ச்சி உண்டு. பள்ளிகளைத் திறந்தும் மதிய உணவு தந்தும் புகழ் பெற்ற காமராசர், 1967இல் தம் சொந்த ஊரான விருதுநகரிலேயே பெ. சீனிவாசன் என்னும் மாணவர் தலைவரிடம் தோற்றார். அரிசித் தட்டுப்பாடும் 1965ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டமும் ஆட்சி மாற்றத்தை வேண்டி நின்றன. மக்கள் ஆட்சிக் கேள்விக்கே விடை எழுதினர். ஈராண்டு கழித்து, 1969இல் நாகர்கோவில் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் ஆட்சி மாற்றம் கேள்வியாக இல்லாதபோது அவரையே மக்கள் வெற்றி பெறச் செய்தனர். பின்னர் 1991, 1996, 2001, 2006, 2011 ஆகிய ஐந்து தேர்தல்களிலும் தமிழக வாக்காளர் ஆட்சியை மாற்றிக்கொண்டே வந்தனர். 2016இல்தான் அவ்வழக்கம் முறிந்தது. இரண்டு பெருங் கட்சிகளும் ஊர்தோறும் கிளை வைத்து, இரண்டு வாசல்களாக நின்றமையே அதற்குக் காரணம். ஒன்றை மூடினால் மற்றொன்று உண்டு என்ற துணிவு வாக்காளர்க்கு இருந்தது.

பாலோவின் கணக்கு

இனி ஜொகூருக்கு வருவோம். கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு செல்லும் இருப்புப் பாதையில், பெக்கோக்கிற்கும் குளுவாங்கிற்கும் இடையே உள்ளது பாலோ. இரப்பரும் செம்பனையும் சூழ்ந்த சிற்றூர். செம்புரோங் நாடாளுமன்றத் தொகுதியின் இரண்டு சட்டமன்றத் தொகுதிகளுள் ஒன்று பாலோ, மற்றொன்று கஹாங்.

2008இல் வடக்கே வீசிய காற்று ஜொகூரை அசைக்கவில்லை. மாநிலத்தின் 26 நாடாளுமன்ற இடங்களுள் 25 தேசிய முன்னணிக்கே சென்றன. 1946இல் அம்னோ தோன்றிய மண் அது. அரசின் நிலக் குடியேற்றத் திட்டங்கள் பரந்து கிடக்கும் மண்ணும் அதுவே. ஒரே வாசலின் பிடி அங்கு மலாய்க் குடியேற்றவாசிகளுக்கும் பொருந்தும் என்பதை மறத்தலாகாது. மனை, கடன், மரக்கன்று, விளைச்சல் விற்பனை யாவும் ஒரே நிறுவனத்தின் வழியே வந்த குடும்பத்தின் நிலை, லயத்துக் குடும்பத்தின் நிலையிலிருந்து வெகுதூரம் விலகியதன்று.

2018இல் பாலோ சட்டமன்றத் தொகுதி ஜனநாயகச் செயல் கட்சியின் ஷேக் உமார் பகாரிப் அலிக்குச் சென்றது. 56 இடங்களுள் 36ஐ வென்று நம்பிக்கைக் கூட்டணி ஜொகூரில் ஆட்சி அமைத்தது. ஆயினும் அதே நாளில், அதே செம்புரோங்கில், நாடாளுமன்றச் சீட்டு பழைய உறுப்பினர் ஹிஷாமுடின் உசேனுக்கே வெற்றி தந்தது. 2004 முதல் 2022 வரை நடந்த ஐந்து பொதுத்தேர்தல்களிலும் அத்தொகுதி அவரையே அனுப்பிற்று. பக்கத்திலுள்ள கஹாங்கிலும் ம.இ.கா.வின் இரா. வித்தியானந்தன் 2013இலும் 2018இலும் 2022இலும் வென்றார். மாநிலமெங்கும் ஆட்சி மாறிய நாளிலும் ஒரு மூலையில் மனிதர் மாறவில்லை.

நான்கே ஆண்டுகளில் பாலோ மீண்டும் திரும்பிற்று. 2020 தொடக்கத்தில் தேர்தலின்றியே மத்திய அரசும் ஜொகூர் அரசும் கவிழ்ந்தன. 2022 மார்ச் 12ஆம் நாள் நடந்த மாநிலத் தேர்தலில் பாலோவில் ம.சீ.ச.வின் லீ திங் ஹான் வென்றார். தேசிய முன்னணி 56 இடங்களுள் 40ஐக் கைப்பற்றிற்று. இதனை மக்கள் பழைய ஆட்சியின்மீது கொண்ட அன்பு என்று கொள்ளலாமா? எண்கள் வேறு சொல்கின்றன. அந்த 40 இடங்களுக்கு அது பெற்ற வாக்கு நூற்றுக்கு 43 மட்டுமே. எதிரணியோ பல கூறுகளாகப் பிரிந்து நின்றது. வாக்களித்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 55 பேர். பதினெட்டு வயதினர்க்கு வாக்குரிமை கிடைத்து, பெயர்ப் பதிவும் தானே நிகழ்ந்த முதல் தேர்தல் அது. எனினும் வாக்காளரில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் வீட்டிலோ சிங்கப்பூரிலோ இருந்துவிட்டனர். நோய்த்தொற்றுக் காலம் என்பது ஒரு காரணம். தாம் மாற்றிய ஆட்சி தம்மைக் கேளாமலே மாறியது கண்ட மனச்சோர்வு மற்றொன்று.

சினத்தின் மூன்றாவது வழி இங்கே தெரிகிறது. அது பழையவரை எதிர்த்தும் செல்வதில்லை, புதியவரை நம்பியும் செல்வதில்லை, வீட்டிலேயே தங்கிவிடுகிறது. எண்ணப்படாத சினம், வந்து வாக்களித்தவரின் பற்றுக்கு இரட்டை வலிமை தருகிறது. தொகுதி அமைப்பும் இதற்குத் துணைபோகிறது. 2013இல் கப்பார் தொகுதியில் 1,44,159 வாக்காளர், புத்ராஜெயாவில் 15,791. இரண்டிற்கும் ஒவ்வோர் உறுப்பினரே. அவ்வாண்டு நாடு முழுவதும் எதிரணி பெற்ற வாக்கு நூற்றுக்கு ஐம்பதிற்கு மேல். ஆட்சியமைத்ததோ நூற்றுக்கு 47 பெற்ற தேசிய முன்னணி. பழையவரை ‘மக்கள்’ மீண்டும் தேர்ந்தெடுத்தனர் என்று சொல்லும் முன், எத்தனை மக்கள், எந்தக் கணக்கில் என்று கேட்பது ஆசிரியர் கடமை.

உரிமையும் தயவும்

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படுவது யாது? பழையவர் வெல்வதற்கு மக்களின் அறியாமையைக் காரணங் காட்டுவது பிழை. தேவை ஒரே வாசலில் நிற்கும்வரை சினம் வாக்காகாது. இரண்டாவது வாசல் திறக்கும்போது வாக்காகிறது. நம்பிக்கை குலையும்போது வீட்டிலே தங்கிவிடுகிறது. இம்மூன்றையும் சுங்கை சிப்புட்டும் பாலோவும் தெளிவாகக் காட்டுகின்றன.

தமிழ்ப்பள்ளியோடு இதற்குள்ள தொடர்பு ஆசிரியர்க்குச் சொல்லாமலே விளங்கும். தேர்தலுக்கு முந்திய திங்களில் கூரைக்குக் காசோலை வருமாயின், அப்பள்ளியின் பெற்றோர் வாக்கு ஏற்கெனவே பாதி அளிக்கப்பட்டுவிட்டது. கூரை ஆண்டுதோறும் சட்டப்படி, எந்தக் கட்சி ஆண்டாலும், எவரையும் கும்பிடாமல் வருமாயின், அதே பெற்றோர் ஆட்சியை ஆட்சியாக அளந்து வாக்களிக்க இயலும். பள்ளிக்குரிய பணம் தயவாக வருவது பள்ளிக்கு மட்டும் இழுக்கன்று. பெற்றோரின் வாக்கையும் அது அடகு வைக்கிறது. ஆகவே முழு உதவி பெறும் பள்ளி, ஊராட்சித் தேர்தல், ஒத்த அளவுள்ள தொகுதி, எல்லா உறுப்பினர்க்கும் ஒரே ஒதுக்கீடு ஆகிய நான்கும் வெவ்வேறு கோரிக்கைகள் போல் தோன்றினும், வாசல்களைப் பெருக்கும் ஒரே வேலையின் நான்கு பகுதிகள் எனலாம்.

உத்திரமேரூரார் பழையவரைத் தடுக்க இரண்டு விதிகள் வகுத்தனர். மூன்றாண்டு விலக்கு என்பதை இக்காலத்தார் ஏற்பதும் ஏற்காததும் ஆராய்ச்சிக்குரியது. நன்கு பணியாற்றியவரை இழக்கும் குறை அதில் உண்டு. கணக்குக் காட்டாதவர்க்கு இடமில்லை என்னும் மற்ற விதிக்கு அத்தகைய குறை எதுவும் இல்லை. குடியியல் பாடத்தில் குடவோலையைப் படமாக வரைந்து காட்டும் ஆசிரியர், அவ்விதியையும் சேர்த்துக் கற்பித்தல் நன்று. தொகுதிக்கு எவ்வளவு பணம் வந்தது, எந்தப் பள்ளிக்கு எவ்வளவு சென்றது, எஞ்சியது எங்கே என்று கேட்கப் பழகிய மாணவன், வாக்காளனாகும் நாளில் காசோலையை நன்கொடையாக எண்ணமாட்டான். தனக்குரிய பணத்தின் கணக்காகவே அதனைப் படிப்பான்.